மண்வாசனை யாருடைய வாசனை?

தமிழ் நாவல் விமர்சனத்தில் ஏதாவது ஒரு சொல்லைத் தடைசெய்யும் அதிகாரம் எனக்குக் கிடைத்தால், 'மண்வாசனை' என்ற சொல்லைத்தான் தடைசெய்வேன். நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் நாவல்களைப் புரட்டிக்கொண்டே நடந்தால், பின்னட்டைக்குப் பின்னட்டை இந்தச் சொல்தான். நடுநாட்டு மண், கரிசல் மண், கொங்கு மண். மண் மணந்தால் நாவல் தேறிவிட்டது. அந்த மண்ணின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

மற்ற ஊர்க்காரர்களைவிட நெய்வேலிக்காரர்களான நமக்கு இந்தக் கேள்வி முதலில் வந்திருக்க வேண்டும். 1957இல் முதல் சுரங்க வேலை தொடங்கியதிலிருந்து இங்கே மண் என்பது கணக்கு. பழுப்பு நிலக்கரியை எடுக்க அதைப் போலப் பல மடங்கு மேல்மண்ணை வாரிக் கொட்ட வேண்டும். சுரங்கத்தை ஒட்டி மலை மலையாகக் குவிந்து கிடப்பது ஒரு காலத்தில் யாரோ சொந்தம் கொண்டாடிய, யாரோ நாற்று நட்ட மண்தான். அந்த இரண்டு 'யாரோ'வும் பெரும்பாலும் ஒரே ஆள் இல்லை. 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், நிலத்தில் உரிமை உள்ளவருக்குத்தான் இழப்பீடு என்றது. தலைமுறை தலைமுறையாக அதே நிலத்தில் கூலிக்குக் குனிந்தவருக்கு அந்தச் சட்டத்தில் பெயரே கிடையாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம்தான் பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற சொல்லுக்குள் விவசாயக் கூலித் தொழிலாளியையும் சேர்த்தது. காகிதத்திலாவது சட்டம் அவரைப் பார்த்துவிட்டது. நம் நாவல் வாசகர் இன்னும் பார்க்கவில்லை.

2023 ஜூலையில் வளையமாதேவியில், பயிர் நின்ற நெல் வயலுக்குள் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கின. தமிழ்நாடே கொதித்தது. கொதித்தது நியாயம்தான். ஆனால் நிலத்துக்காரர் முன்னால் நீண்ட மைக்குகளில் எத்தனை, அந்த நாற்றைக் கூலிக்கு நட்ட பெண் முன்னால் நீண்டன? நாவல் வாசிப்பிலும் இதேதான் நடக்கிறது. நிலம் இழந்தவனின் துயரம் காவியமாகிறது. இழப்பதற்கு நிலமே இல்லாதவளின் துயரம் அந்தக் காவியத்தின் பின்னணிக் காட்சியாகிறது.

அதனால் கொஞ்ச காலமாக ஒவ்வொரு நாவலையும் மூன்று கேள்விகளோடுதான் படிக்கிறேன். இந்தக் கதையில் நிலம் யாருடையது? சேரி எந்தப் பக்கத்தில் வருகிறது? சேரியிலிருந்து வருகிறவருக்குப் பெயரும் கனவும் கோபமும் சிரிப்பும் இருக்கின்றனவா, இல்லை கும்பிடு மட்டும்தானா?

அண்மையில் படித்தவற்றில் முதலில் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'. 1994இல் வந்த நாவல். நம் மாவட்டத்து எழுத்தாளர், நம் பேச்சு. சேரிக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்து ஆரோக்கியம்தான் நாவலின் மையம். ஒடுக்கப்பட்டவர்களுக்குள் இருக்கும் ஒடுக்குமுறையை எழுதியதற்காகத் தலித் இயக்கத்தவர்கள் சிலரிடமிருந்தே இந்த நாவலுக்குக் கடும் எதிர்ப்பு வந்தது. எதிரிக்கு ஆயுதம் கொடுக்கலாமா என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் படிநிலையாக அடுக்கப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் சொன்னதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய தமிழ் நாவல்கள் குறைவு. ஆரோக்கியத்துக்கு ஒரு துண்டு நிலம் கிடையாது. வீடு வீடாகப் போய் எடுக்கும் சோறும், களத்தில் அள்ளிப் போடும் தானியமும்தான் அவளுடைய சொத்து. இந்த நாவலுக்கும் மண்வாசனைப் பட்டம் கொடுத்தவர்கள், அந்த மண்ணில் அவளுக்குப் பங்கு என்ன என்று கேட்டார்களா?

அடுத்து, அவருடைய நெடுங்கதையான 'பெத்தவன்'. 2012இல் வந்தது. தலித் இளைஞனை விரும்பிய மகளைக் கொன்றுவிடு என்று ஊரே அப்பனை நெருக்குகிறது. அவன் மகளை அனுப்பிவைத்துவிட்டுத் தான் விஷம் குடிக்கிறான். இதைப் படித்து அழாதவர்களை நான் பார்த்ததில்லை. என் கருத்து வேறுபாடு அந்தக் கண்ணீரோடுதான். நாம் யாருக்காக அழுகிறோம்? ஆதிக்கச் சாதி அப்பனுக்காக. மகள் நேசித்தவன் பெரும்பாலும் கதைக்கு வெளியேதான் நிற்கிறான். சாதி தன் சொந்த வீட்டையே எரிக்கும் என்று காட்டியது எழுத்தாளரின் வெற்றி. அந்த வீட்டுக்காக மட்டும் அழுதுவிட்டுப் புத்தகத்தை மூடுவது வாசகரின் தோல்வி.

நெய்வேலிக்குப் பக்கத்தில், விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் நடந்ததை நாம் மறக்கலாமா? அங்கே பெத்தவன் யாரும் தான் விஷம் குடிக்கவில்லை. பொறியியல் படித்த தலித் இளைஞர் முருகேசனுக்கும், அவர் மணந்த கண்ணகிக்கும் விஷம் புகட்டிக் கொன்று எரித்தார்கள். தீர்ப்பு வர 18 ஆண்டுகள் ஆயின. 2021இல் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் இருவர் காவல்துறையினர். இது நடந்ததும் இதே நடுநாட்டு மண்ணில்தான். நாவலில் வந்தால் நாம் ரசித்து அடிக்கோடிடும் அதே வட்டார வழக்கில்தான் அந்தக் கொலையும் பேசி முடிவு செய்யப்பட்டிருக்கும். வட்டார வழக்குக்குத் தனியாக ஒரு புனிதமும் இல்லை. தாலாட்டும் அதில்தான். சாதிப் பஞ்சாயத்தும் அதில்தான்.

மூன்றாவது, பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'. பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் பிள்ளைகளின் கதை. வெயிலும் மேய்ச்சல் காடும் கிணறும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. ஆனால் அந்தக் காடு ஒரு நொடிகூடக் கூளையனுக்குச் சொந்தமாகத் தெரிவதில்லை. அவன் சிரிப்பும் விளையாட்டும் பயமும் அவனுடையவை. நேரமும் உடம்பும் பண்ணையக்காரருக்குப் பேசிவிடப்பட்டவை. எழுதியவர் தலித் அல்ல. ஆகவே, எழுத்தாளரின் சாதிச் சான்றிதழைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எழுத்தாளர் எங்கே பிறந்தார் என்பதைவிட, அவருடைய கண் எங்கே நிற்கிறது என்பதே என் கேள்வி.

இனி புதிதாக வாங்கி வைத்திருப்பவை. நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்தவர்களைப் பற்றிய கண்மணி குணசேகரனின் 'வந்தாரங்குடி' மேசையில் முதலில் இருக்கிறது. படித்து முடிக்காமல் தீர்ப்பு எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. அவருடைய அரசியலோடு எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனாலும் படிப்பேன். நிலம் போன வலியை இந்த வட்டாரத்தின் உள்ளிருந்து எழுதியவரைப் படிக்காமல் நெய்வேலியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அதே மூன்று கேள்விகளோடுதான் அதையும் திறப்பேன். அதன் பக்கத்தில் சோ. தர்மனின் 'கூகை'. உழுகிறவர்கள் கைக்கே நிலம் வந்தால் ஆதிக்கச் சாதிகள் என்ன செய்யும் என்று கேட்கும் நாவல் என்பதால் வாங்கினேன். மூன்றாவது, 1972இல் வந்த கே. டானியலின் 'பஞ்சமர்'. யாழ்ப்பாணத்துக் கோயில் கதவும் தேநீர்க்கடைப் பெஞ்சும் யாருக்கு மூடப்பட்டிருந்தன என்று எழுதியவர், தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தில் களத்தில் நின்றவர். ஈழத்து மண்ணும் மணக்கத்தான் செய்தது. அங்கேயும் தண்ணீர் எடுக்கக் கிணறு தனி.

இந்த நோய் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1936இல் வந்த 'கான் வித் த விண்ட்' நாவலில் நாயகியின் உயிரே அவளுடைய பண்ணையின் செம்மண்ணில்தான் இருக்கிறது. அந்தச் செம்மண்ணில் பருத்தி எடுத்த அடிமைகள் விசுவாசமான வேலைக்காரர்களாக ஓரத்தில் நிற்கிறார்கள். உலகமே அந்த மண்பற்றில் உருகியது. அடிமைப்பட்ட ஒரு தாயின் நினைவுக்குள்ளிருந்தே ஒரு பண்ணையைப் பார்க்க, 1987இல் டோனி மாரிசனின் 'பிலவ்ட்' வர வேண்டியிருந்தது. இரண்டிலும் வருவது அமெரிக்கத் தெற்கின் மண்தான். பார்க்கிற கண்தான் வேறு.

இலக்கியத்தை இலக்கியமாகப் பாருங்கள், கணக்கெடுப்புப் படிவமாக ஆக்காதீர்கள் என்று ஒரு குரல் எப்போதும் வரும். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். யாருக்குப் பெயர் உண்டு, யார் 'அந்தப் பண்ணையாள்' என்று மட்டும் வருகிறார் என்பது நாவல் கலையின் அடிப்படைக் கேள்வி. யாருடைய மனதுக்குள் நாவல் நுழைகிறது, யாரை வாசற்படியிலேயே நிறுத்துகிறது என்பது உத்தி சார்ந்த கேள்வி. சேரியை வாசற்படியில் நிறுத்தும் நாவல் அரசியலாக மட்டும் தவறவில்லை, நாவலாகவும் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது.

1948 நவம்பரில் அரசியலமைப்பு வரைவை அவையில் முன்வைத்தபோது, கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு அம்பேத்கர் பதில் சொன்னார். அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் அது என்றார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் நம் பின்னட்டைகள் அந்தக் கிராமத்துக்குத்தான் ஏங்குகின்றன. வட்டம் வட்டமாக, பதவிக்கு ஏற்ற குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த என் நகரியத்துத் தோழர்களும், பார்த்தே இராத அந்த ஊருக்காக ஏங்குகிறார்கள். அப்பாவும் தாத்தாவும் விட்டுவந்தது எந்தத் தெரு என்று வீட்டில் கேட்டால், அந்த ஏக்கம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது. சிலர் விட்டுவந்தது ஊரை. சிலர் தப்பி வந்ததே அந்த ஊரிடமிருந்துதான்.

தோழர்களே, நாவல் வாங்குவதைக் குறைக்கச் சொல்லவில்லை. இன்னும் வாங்குங்கள். சிவகாமியின் 'பழையன கழிதலும்' கிடைத்தால் விடாதீர்கள். தலித் தலைவரின் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஆணாதிக்கத்தை 1989இலேயே கேள்வி கேட்ட நாவல் அது. கேள்வி கேட்பதில் நம்மவர்களுக்கு விதிவிலக்கு கிடையாது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. படித்து முடித்ததும் உங்கள் வாசிப்பு வட்டத்தில் கதை எப்படி இருந்தது என்று மட்டும் பேசாதீர்கள். நிலம் யாருடையது என்று கேளுங்கள். பதில் தெரியாத நாவலை அதே கேள்வியோடு மறுபடியும் படியுங்கள்.