நூறு வேண்டாம், எண்பது போதும்

போன செமஸ்டர்ல ஒரு கம்பெனியோட ஆன்லைன் டெஸ்ட். வீட்டுல இருந்தே எழுதலாம்னு சொல்லிட்டாங்க. எறையூர்ல எங்க வீட்டு முன் ரூம்ல, கதவைச் சாத்திட்டு, போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுட்டு உட்கார்ந்தேன். ஆப்டிடியூட் நல்லா போச்சு. கோடிங்ல ரெண்டாவது கேள்வியைப் பாதி முடிச்சிருப்பேன், கரண்ட் போயிடுச்சு.

நான் பதறல. லேப்டாப் காலையில இருந்தே சார்ஜர்லதான் இருந்துச்சு, 100% காட்டிக்கிட்டிருந்துச்சு. ஒன்றரை மணி நேரமாவது தாங்கும்னு நெனச்சேன். நாலு நிமிஷத்துல 61%. அடுத்த நிமிஷம் ஸ்கிரீன் கருப்பு. கரண்ட் பன்னிரண்டு நிமிஷத்துல வந்துடுச்சு, ஆனா டெஸ்ட் லாக் ஆகியிருந்துச்சு. மெயில் போட்டேன். பதில் வரல.

அன்னைக்கு ராத்திரி விண்டோஸ்ல பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன். வாங்கும்போது பேட்டரியோட கொள்ளளவு 41,000 மில்லிவாட் ஹவர். இப்போ ஃபுல்லா சார்ஜ் ஆனாலே 23,500 சொச்சம்தான். அதாவது 57%. ஸ்கிரீன்ல தெரிஞ்ச அந்த ‘100%’, மிச்சம் இருந்த 57-இல் நூறு.

இதுல வெட்கக்கேடு என்னன்னா, என்னோட ஃபைனல் இயர் ப்ராஜெக்டே பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்தான். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரியில எவ்வளவு சார்ஜ் மிச்சம் இருக்குன்னு கணக்குப் போடுற ப்ராஜெக்ட். அதுக்கான ரிப்போர்ட்டை டைப் பண்ணினது, செத்துக்கிட்டிருந்த இந்த பேட்டரியில. முதல் செமஸ்டர் என்ஜினியரிங் கெமிஸ்ட்ரியில அஞ்சாவது யூனிட் ஞாபகம் இருக்கா? லித்தியம் அயான் பேட்டரி, படம் வரைஞ்சு விளக்குக, 13 மார்க். நாம எல்லாரும் எழுதியிருக்கோம். ஆனா அந்தப் படம் நம்ம மடியிலேயே ஓடிக்கிட்டிருக்குன்னு யாரும் சொல்லல, நாமளும் யோசிக்கல.

என் கருத்தை நேராவே சொல்லிடறேன். நம்ம லேப்டாப் பேட்டரி எல்லாம் வயசாகிச் சாகறதில்ல. ஃபுல்லாவும் சூடாவும் வெச்சு வெச்சு நாமதான் சாகடிக்கறோம். இதைத் தடுக்க ரெண்டு நிமிஷம் போதும். அந்த ரெண்டு நிமிஷத்தை முதல் வருஷம் முதல் நாளே காலேஜ்ல சொல்லிக் கொடுக்கணும்.

எங்க வீட்டுல செத்த லேப்டாப் ரெண்டு. ஒண்ணு என்னோடது. 2022-ல, நான் காலேஜ் சேர்ந்தப்போ, அப்பா கரும்புப் பணத்துல வாங்கிக் கொடுத்தது. இன்னொண்ணு பெரியப்பா பொண்ணு, எங்க அக்காவோடது. 2011 செப்டம்பர் 15-ல தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்குச்சுல்ல, அதுல பிளஸ் டூ படிக்கும்போது வாங்கினது. அக்கா அதைத் தங்க நகை மாதிரி வெச்சிருந்துச்சு. டிகிரி முடிச்சு, கல்யாணம் ஆகிப் போனதும் துணியில சுத்தி பீரோவுல வெச்சுட்டுப் போயிடுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு எடுத்து சார்ஜர் போட்டா, பேட்டரி சுத்தமா ஏறல.

நான் எந்நேரமும் சார்ஜர்லயே வெச்சு ஃபுல்லா சாகடிச்சேன். அக்கா சார்ஜே போடாம காலியா சாகடிச்சுச்சு. ரெண்டு பேருமே பத்திரமா பாத்துக்கறதாதான் நெனச்சோம்.

உள்ள என்ன நடக்குதுன்னு சுருக்கமா பார்த்துடலாம். 1991-ல சோனி நிறுவனம் முதன்முதலா விற்பனைக்குக் கொண்டு வந்த பேட்டரி வகை இது. இதுக்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூணு பேருக்கும் 2019-ல வேதியியல் நோபல் கிடைச்சது. ஒரு பக்கம் கிராஃபைட், மறு பக்கம் உலோக ஆக்சைடு, நடுவுல எலக்ட்ரோலைட். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயான்கள் கிராஃபைட் பக்கம் போய் உட்காரும். இறங்கும்போது திரும்பி வரும்.

நம்ம ஊர் காலை எட்டு மணி பஸ்ஸை நெனச்சுக்கோங்க. சீட்டெல்லாம் நிரம்பி, நாலு பேர் நின்னுக்கிட்டு வந்தா பஸ்ஸுக்கு ஒண்ணும் ஆகாது. ஃபுட்போர்டு வரைக்கும் தொங்கிட்டு வந்தா ஸ்பிரிங் முதல் டயர் வரைக்கும் எல்லாத்துக்கும் அடி. பேட்டரியில 100%ங்கறது அந்த ஃபுட்போர்டு நிலைமை. அப்போ ஒவ்வொரு செல்லும் சுமார் 4.2 வோல்ட்ல நிக்கும். அந்த அழுத்தத்துல எலக்ட்ரோலைட் மெல்ல மெல்ல சிதைஞ்சு, கிராஃபைட் மேல இருக்கிற படலம் தடிச்சுக்கிட்டே போகும். அந்தப் படலத்துக்குள்ள மாட்டின லித்தியம் திரும்பி வராது. கொள்ளளவு குறையறது இப்படித்தான். கூடவே உள் மின்தடையும் ஏறும். அதனாலதான் லோடு வந்ததும் வோல்டேஜ் சட்டுனு சரிஞ்சு, 61% காட்டின லேப்டாப் ஒரே நிமிஷத்துல அணைஞ்சு போச்சு.

அழுத்தத்தோட சூடும் சேர்ந்தா கதை முடிஞ்சது. பேட்டரி யூனிவர்சிட்டின்னு ஒரு தளம், பேட்டரி வேலை செய்யறவங்க அடிக்கடி எடுத்துக் காட்டுற கணக்கு ஒண்ணைப் போட்டிருக்கு. லித்தியம் பேட்டரியைப் பயன்படுத்தாம ஒரு வருஷம் சும்மா வெச்சா, 25 டிகிரியில 40% சார்ஜோட வெச்சதுக்கு 96% கொள்ளளவு மிஞ்சும். அதே 25 டிகிரியில ஃபுல் சார்ஜோட வெச்சா 80%. 40 டிகிரியில 40% சார்ஜோட வெச்சா 85%. 40 டிகிரி, ஃபுல் சார்ஜ், ரெண்டும் சேர்ந்தா 65%. இதெல்லாம் சும்மா வெச்சிருந்ததுக்கே.

பெரம்பலூர், அரியலூர்ல மே மாசம் இருந்தவங்களுக்கு 40 டிகிரி ஒரு புதுக் கணக்கு இல்ல. ஆஸ்பெஸ்டாஸ் சீட் போட்ட ரூம், மெத்தை மேல லேப்டாப், அடியில காத்து போற ஓட்டை அடைச்சிருக்கும், சார்ஜர் செருகியே இருக்கும், மூணு மணி நேரம் கேம். இதைத்தான் நான் மூணு வருஷம் பண்ணினேன். இன்னொரு தப்பும் பண்ணினேன். மூடியை மட்டும் சாத்தி, ஷட் டவுன் பண்ணாம பைக்குள்ள போட்டுட்டு பஸ் ஏறிடுவேன். சில நாள் பைக்குள்ள அது தானா முழிச்சுக்கிட்டு ஓடும். இறங்கி எடுத்தா தோசைக்கல் மாதிரி கொதிக்கும்.

இப்போ நம்ம ஊர்ல சுத்துற ரெண்டு நம்பிக்கையைப் பத்திச் சொல்லணும்.

முதல்ல, “ஓவர் சார்ஜ் ஆகி வெடிச்சிடும்.” நல்லா இருக்கிற பேட்டரியும் சரியான சார்ஜரும் இருந்தா, ஃபுல் ஆனதும் உள்ள இருக்கிற சர்க்யூட்டே சார்ஜ் ஏறுறதை நிறுத்திடும். அதனால ராத்திரி செருகிட்டுத் தூங்கினா ஓவர் சார்ஜ் ஆகாது. ஆனா விடிய விடிய 100%ல நிக்கும். பிரச்சினை அந்த நிக்கறதுலதான்.

அடுத்தது, “ஜீரோ வரைக்கும் இறக்கி அப்புறம் ஃபுல்லா ஏத்தணும்.” இது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து அறிவுரை. அதுக்கு ‘மெமரி எஃபெக்ட்’னு ஒரு கோளாறு இருந்துச்சு, அதனால அப்போ அது சரி. லித்தியத்துக்கு அது தேவையே இல்ல, கெடுதல்தான். அடிக்கடி அடிமட்டம் வரைக்கும் இறக்கறதை விட, கொஞ்சம் கொஞ்சமா இறக்கி ஏத்தறதுதான் அதுக்கு நல்லது. அடியோட காலியாக்கி மாசக்கணக்குல போட்டு வெச்சா உள்ள இருக்கிற காப்பர் கரைய ஆரம்பிக்கும். பாதுகாப்பு சர்க்யூட்டே சார்ஜ் ஏத்த மறுத்துடும். அக்கா லேப்டாப்புக்கு நடந்தது அதுதான். செமஸ்டர் லீவுல லேப்டாப்பைத் தொடமாட்டீங்கன்னா, பாதி சார்ஜ்ல ஷட் டவுன் பண்ணி, வீட்டுல சூடு குறைஞ்ச இடமா பார்த்து வைங்க.

சரி, அந்த ரெண்டு நிமிஷ வேலை என்ன? சார்ஜ் 80%ல தானா நிக்கற மாதிரி ஒரு செட்டிங். ஏறக்குறைய எல்லா கம்பெனியும் நிறைய மாடல்ல இதைக் கொடுத்திருக்காங்க. லெனோவோவுல வான்டேஜ் ஆப்ல ‘கன்சர்வேஷன் மோடு’. அசூஸ்ல மைஅசூஸ் ஆப். டெல்ல ‘பிரைமரிலி ஏசி யூஸ்’. ஹெச்பியில பயாஸுக்குள்ள ‘பேட்டரி ஹெல்த் மேனேஜர்’. ஏசர்ல கேர் சென்டர் ஆப். லினக்ஸ் ஆளுங்களுக்கு ‘டிஎல்பி’ இருக்கு. ஒரு தடவை ஆன் பண்ணிட்டா போதும், அப்புறம் நாள் பூரா சார்ஜர்லயே கிடந்தாலும் கவலை இல்ல. செல் வோல்டேஜோட உச்சத்தை 0.1 வோல்ட் குறைச்சாலே சைக்கிள் ஆயுள் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும்னு அதே பேட்டரி யூனிவர்சிட்டி சொல்லுது. கார்லயும் இதே கதைதான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இல்லாத மாடல்களை தினசரி ஓட்டத்துக்கு 80% வரைக்கும் சார்ஜ் பண்ணினா போதும்னுதான் டெஸ்லாவே சொல்லுது.

அப்போ ஏன் இந்த செட்டிங் கடையில வாங்கும்போதே ஆன்ல இருக்கறதில்ல? என் யூகம் இது. பெட்டி மேல ‘பத்து மணி நேரம் தாங்கும்’னு போட்டு விக்கறவங்க, எட்டுன்னு போட விரும்புவாங்களா?

இதை எங்க கிளாஸ்ல சொன்னப்போ நண்பன் ஒருத்தன் சிரிச்சான். “மச்சி, பேட்டரி செருப்பு மாதிரிடா. தேயும், மாத்துவோம். இதுக்குப் போய் டென்ஷன் ஆகலாமா?” அவன் சொல்றதுல பாதி உண்மை. எப்படி வெச்சிருந்தாலும் பேட்டரி ஒரு நாள் தேயத்தான் செய்யும். சதவீதத்தைப் பார்த்துப் பார்த்து சார்ஜரைப் பிடுங்கி மாட்டுற அடிமையா ஆகணும்னு நானும் சொல்லல. ஆனா மாத்தறதுக்கு கடையில என்கிட்ட கேட்டது 3,800 ரூபாய். அது எங்க வீட்டுல யோசிச்சு எடுக்கற பணம். அதுவும் பல மாடல்ல பேட்டரி உள்ள ஒட்டியிருக்கு, நாமளே கழட்ட முடியாது. ஐரோப்பாவுல 2023-ல கொண்டு வந்த பேட்டரி சட்டம், 2027 பிப்ரவரியில இருந்து பயனாளரே கழட்டி மாத்தற மாதிரி கையடக்கக் கருவிகளோட பேட்டரி இருக்கணும்னு சொல்லுது. இங்க அப்படி ஒண்ணு வர வரைக்கும், இருக்கற பேட்டரியைக் காப்பாத்தறதுதான் லாபம்.

இன்னொரு கேள்வி நியாயமானது. “கரண்ட் போனா 20% குறைச்சலா இருக்குமே?” ஆமா, இருக்கும். மாசம் ஒரு நாள் பராமரிப்புன்னு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் இருக்காது, நமக்கே தெரியும். அறிவிப்பு வந்ததும் முந்தின நாள் ராத்திரி லிமிட்டை எடுத்துட்டு 100% ஏத்திக்கோங்க. டெஸ்ட், ரிவ்யூ, பயணம் இருக்கற நாளும் அப்படியே. எப்பவாவது ஒரு நாள் நூறு போனா தப்பில்ல. எந்நேரமும் நூறுலயே கிடக்கறதுதான் தப்பு. நல்லா வெச்சிருக்கற பேட்டரியோட 80%, என் பழைய பேட்டரியோட ‘100%’ஐ விட அதிக நேரம் ஓடும். கணக்குப் போட்டுப் பாருங்க.

காலேஜ்கிட்ட நான் கேக்கறது மூணே விஷயம். ஒண்ணு, முதல் வருஷ இண்டக்‌ஷன்ல பத்து நிமிஷம் ஒதுக்கி எல்லாரையும் இந்த செட்டிங்கைப் போட வைங்க. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்னு 2025 மார்ச் பட்ஜெட்ல அரசு அறிவிச்சது. நம்மள்ல நிறைய பேருக்கு அதுதான் வீட்டோட முதல் லேப்டாப். கொடுக்கற மேடையிலேயே இதையும் சொன்னா என்ன? ரெண்டு, லைப்ரரியில பிளக் பாயின்ட்டை அதிகப்படுத்துங்க. மேஜைக்கு ஒண்ணு இல்லாததாலதான், எங்க கிடைச்சாலும் ஃபுல்லா ஏத்திக்கற பழக்கம் நமக்கு வந்துச்சு. மூணு, பழைய பேட்டரி போட ஒரு பெட்டி வைங்க. 2022-ல வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கிச் சேகரிக்கற பொறுப்பை உற்பத்தியாளர்கள் மேலயே போட்டிருக்கு. பெட்டி வெச்சா அவங்களுக்கு அனுப்பலாம். டச்பேட் மேல தூக்கிக்கிட்டு வந்தா உள்ள பேட்டரி உப்பியிருக்குன்னு அர்த்தம். உடனே அணைச்சிடுங்க, சார்ஜ் போடாதீங்க, குத்திப் பார்க்காதீங்க, குப்பைத் தொட்டியிலயும் போடாதீங்க.

நம்ம பங்குக்கு ஒரு வேலை. இன்னைக்கே கமாண்ட் பிராம்ப்ட்ல ‘பவர்சிஎஃப்ஜி’, ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, ‘பேட்டரிரிப்போர்ட்’னு ஆங்கிலத்துல அடிச்சுப் பாருங்க. ‘டிசைன் கெப்பாசிட்டி’க்கும் ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’க்கும் எவ்வளவு வித்தியாசம்னு தெரியும்.

புது பேட்டரி போட்டு ஒரு மாசம் ஆகுது. போன வாரம் அப்பா எட்டிப் பார்த்துட்டு, “ஏன்டா தம்பி, எண்பதுலயே நிக்குது, சார்ஜர் போயிடுச்சா?”ன்னு கேட்டார். நான் சின்ன வெங்காயத்தை வெச்சு விளக்கினேன். “பட்டறையை ஏம்ப்பா தரையில இருந்து தூக்கிக் கட்டுறீங்க? காத்து போற மாதிரி ஏன் விடுறீங்க? முட்ட முட்டக் கொட்டி அடைச்சு வெச்சா என்ன ஆகும்?”

“புழுங்கி அழுகிடும்.”

“இதுவும் அப்படித்தாம்ப்பா.”

அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சார். “இதை வாங்கின அன்னைக்கே யாராவது சொல்லியிருக்கலாம்ல?”

சொல்லியிருக்கலாம். அதனாலதான் ஜூனியர்ஸ், உங்களுக்கு இப்பவே எழுதறேன்.