‘இங்கே வா’ என்றொரு மொழிக் கையேடு

2018-இல் நம் ஆங்கில வகுப்புகளுக்கு வெளிநாட்டுப் பாடநூல்கள் வந்தன. முதலாம் ஆண்டுக்கு ‘சூப்பர் மைண்ட்ஸ்’, முதலாம் படிவத்துக்கு ‘பல்ஸ் 2’. அதில் வரும் ஊரும் பேரும் நம் மாணவர்களுக்கு அந்நியம் என்ற குறை அப்போதே எழுந்தது. கெர்லிங்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வாழும் பிள்ளைக்கு அது நியாயமான குறைதான். ஆனால், எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் கேள்வி ஒன்று உண்டு. பாடத்தில் வரும் உரையாடலில் நமக்குக் கொடுத்திருக்கும் வேடம் என்ன?

வாழ்க்கைச் சூழலை வைத்து மொழி கற்பிக்கும் முறை ஐரோப்பாவில் வலுப்பெற்றது. வேறு நாட்டுக்குப் போகும் ஒருவர் கடையிலும் தங்குமிடத்திலும் மருத்துவரிடமும் என்ன பேச வேண்டியிருக்கும் என்று ஐரோப்பிய மன்றம் 1975-இல் பட்டியலிட்டது. அந்த வழியில் 2001-இல் வந்ததுதான் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள் கொண்ட சி.இ.எஃப்.ஆர். 2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலத் தேர்வும் அதைத் தழுவியே நடக்கிறது.

தோட்டத்துக்கு இந்த முறை புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டிலேயே சின்னதுரைமார் தமிழ் கற்கக் கொழும்பில் ஒரு கையேடு அச்சாகியது. அதன் பெயரே ‘இங்கே வா’. 1915-இல் வெல்ஸ் என்பவர் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்காக ‘கூலித் தமிழ்’ என்ற நூலை வெளியிட்டார். மலாயாவிலும் தோட்டத் துரைகள் தமிழ்த் தேர்வு எழுதினார்கள்.

தலைப்பைக் கவனியுங்கள். தமிழில் ‘வா’ உண்டு, ‘வாங்க’வும் உண்டு. துரைக்கு வேண்டியிருந்தது முதலாவது. லயம், பிரட்டு, பால் மங்கு எல்லாம் உண்மையான சூழல்தான். ஆனால், அது கூப்பிடுகிறவர் பக்கமிருந்து பார்த்த சூழல். கூப்பிடப்பட்டவர் “எதற்கு?” என்று திருப்பிக் கேட்பதற்காக யாரும் கையேடு அச்சிடவில்லை.

அதனால், ‘பல்ஸ் 2’-இல் லண்டனை எடுத்துவிட்டு கோலாலம்பூரை வைத்தால் போதும் என்று நான் நினைக்கவில்லை. இடைநிலைப்பள்ளி முடித்து தஞ்சோங் மாலிம் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகும் நம் பிள்ளைக்கு முதல் மாதமே சம்பளச் சீட்டு கைக்கு வருகிறது. இ.பி.எஃப்., சொக்சோ பிடித்தம் சரியா என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ மேலாளரிடம் மரியாதையாகக் கேட்க வேண்டும். பாட்டியை கோல குபு பாரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனால், மருத்துவர் சொல்வதைத் தமிழில் பாட்டிக்கும், பாட்டியின் வலியை மலாயில் மருத்துவருக்கும் சொல்ல வேண்டும். ‘குத்துது’, ‘எரியுது’, ‘இழுக்குது’ மூன்றும் ஒரே வலியல்லவே! இந்த மொழிபெயர்ப்பு வேலையைத் தோட்டத்துப் பிள்ளைகள் பத்து வயதிலிருந்தே செய்கிறார்கள். அதை ஒரு திறனாக எந்தப் பாடமும் எண்ணுவதில்லை.

எஸ்.பி.எம். ஆங்கிலப் பேச்சுத் தேர்வின் மூன்றாம் பகுதி இருவர் கலந்துரையாடுவது. நான் பார்த்த பயிற்சிகளில் மாணவர்கள் “நானும் அப்படித்தான் நினைக்கிறேன்” என்று சொல்லிச் சீக்கிரம் முடித்துவிடுகிறார்கள். மறுத்துப் பேசவும் விளக்கம் கேட்கவும் அந்தப் பகுதியிலேயே இடமிருக்கிறது. அடுத்த பயிற்சியில் ஒருவர் மேலாளராகவும் மற்றவர் சம்பளச் சீட்டோடு நிற்கும் தொழிலாளியாகவும் பேசிப் பாருங்கள். பிறகு இடம் மாறிக்கொள்ளுங்கள்.