குளத்தில் குளித்ததை மறைக்க வைக்காதீர்கள்!

கேரளத்தில் 2024 மே முதல் ஜூலை வரை மூன்று குழந்தைகள் ஒரே விதமான மூளைக் காய்ச்சலால் இறந்தார்கள். குளித்த தண்ணீரில் இருந்த அமீபா என்ற கிருமியே காரணம் என்று டாக்டர்கள் கூறினார்கள்.

"மூளையைத் தின்னும் அமீபா" என்று பத்திரிகைகள் அதற்குப் பெயர் சூட்டிவிட்டன. பெயரே பாதி உயிரைப் போக்கிவிடும்!

இப்படி ஒரு செய்தி வந்தால் பெற்றோர் என்ன செய்வார்கள்? "குளத்துப் பக்கம் போனால் காலை ஒடித்துவிடுவேன்" என்பார்கள். இது சரியா?

சரியல்ல. பையன் போகத்தான் போவான். ஒளிந்து போவான். ஈரத் தலையை வெயிலில் உலர்த்திக்கொண்டு, ஒன்றும் அறியாதவன் போல வீடு திரும்புவான். நாலைந்து நாள் கழித்துத் தலைவலியும் ஜுரமும் வந்தால், அடிக்குப் பயந்து வாயைத் திறக்க மாட்டான். அங்கேதான் ஆபத்து!

இந்த அமீபா கண்ணுக்குத் தெரியாது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும். கடலில் வாழாது. அந்தத் தண்ணீரைக் குடித்தால்கூட இந்த நோய் வராது. மூக்கில் ஏறினால்தான் வினை. வாசனை அறியும் நரம்பின் வழியே மூளைக்குப் போய்விடும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. எத்தனையோ பேர் குளிக்கிறார்கள். நோய் வருவது மிக மிக அபூர்வம். ஆனால் வந்துவிட்டால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. ஜுரம், வாந்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு என்று மற்ற மூளைக் காய்ச்சலைப் போலவே இருப்பதால், சொன்னால்தான் டாக்டருக்குச் சந்தேகம் வரும்.

அதே 2024-ல், அதே கேரளத்தில், ஒரு சிறுவன் பிழைத்தான். மகனுக்கு வலிப்பு வந்ததும், இந்த நோயைப் பற்றிப் படித்தது தந்தைக்கு நினைவு வந்தது. பையன் குளத்தில் குளித்ததை டாக்டரிடம் சொன்னார். உடனே சிகிச்சை தொடங்கியது. உலகத்திலேயே இந்த நோயிலிருந்து மீண்டவர்கள் வெகு சிலர். அவர்களில் அவனும் ஒருவன்!

ஆகவே ஜுரம் வந்த பிள்ளையிடம், "எங்கே குளித்தாய்?" என்று கேளுங்கள். கேட்கும்போது கையில் பிரம்பு வேண்டாம்.

கோடையில் வற்றிச் சூடேறிய குட்டையில் குதிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். மற்ற இடங்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு குதிக்கட்டும். மூக்கைக் கழுவும் பழக்கம் உள்ளவர்கள் கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும்.

பெற்றோர் மட்டும் விழித்திருந்தால் போதாது. இந்த நோயை 1965-ல் உலகுக்கு அறிவித்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலிய டாக்டர் பௌலர். அமீபாவுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவில் தண்ணீர் வெகுதூரம் தரைக்கு மேல் குழாயில் வந்தது. வெயிலில் குழாய் சூடேறியது. வழியிலேயே குளோரின் தீர்ந்தது. குழந்தைகள் இறந்தார்கள். அரசாங்கம் குளத்துக்கு வேலி போடவில்லை. கடைசி வீட்டுக் குழாய் வரை கிருமிநாசினி இருக்கும்படி செய்தது. 1981-க்குப் பிறகு அங்கே இந்த நோய் தோன்றவில்லை.

கேரள அரசும் 2025 ஆகஸ்டு கடைசியில் கிணறுகளிலும் தொட்டிகளிலும் குளோரின் போடும் இயக்கம் நடத்தியது. இரண்டு நாள் போட்டால் போதுமா? தண்ணீர் இருக்கும் வரை போட வேண்டியது அது. நீச்சல் குளத்துக்குக் கட்டணம் செலுத்தும் தகப்பனார், "இன்று குளோரின் போட்டீர்களா?" என்று அங்கேயே கேட்கலாம்.