போர்த்துகல் நாடும் நம் கலைக்களஞ்சியமும்

ஒரு மொழியார் பிற நாடுகளைப்பற்றி எவ்வளவு அறிந்துள்ளனர் என்பதை அவர்தம் கலைக்களஞ்சியமே காட்டும். 2003ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியா, யாவரும் படித்தற்கும் திருத்தற்கும் உரியதாய் இணையத்தில் விளங்குகின்றது. அதன்கண் பிறநாட்டுச் செய்திகள் செவ்வனே இடம்பெறல் வேண்டும் என்பது எம் கருத்து. சான்றாகப் போர்த்துகல் நாட்டை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

அந்நாடு நமக்கு முற்றும் அயலன்று. நாம் நாடோறும் வழங்கும் சாவி, மேசை, சன்னல், அலமாரி என்பன போர்த்துகீசியச் சொற்களினின்று வந்தவையே. 1554இல் லிஸ்பன் நகரில் தமிழ்மொழி உரோமன் எழுத்தில் அச்சேறியதை இலக்கிய மாணவர் அறிவர். ஆயினும், 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைப் பகுதியை அடைந்த செய்தியோடும், அதன்பின் அவர் இனத்தார் நம் கடற்கரைகளில் செய்தவற்றோடும் நம்மிற் பெரும்பாலார் அறிவு நின்றுவிடுகின்றது.

அதன் பிற்கால வரலாறோ பெரிதும் அறியத்தக்கது. 1910இல் முடியாட்சி ஒழிந்து குடியரசு தோன்றியது. 1926இல் படைஞர் புரட்சி அக்குடியரசை வீழ்த்தியது. 1932இல் தலைமை அமைச்சரான சலசார் 1968 வரை தனியாட்சி நடத்தினார். ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நெடிது நீண்ட போரால் சலிப்புற்ற படைத்தலைவர்கள் 1974 ஏப்ரல் 25இல் அவ்வாட்சி முறையை அகற்றினர். மக்கள் தெருக்களில் திரண்டு படைவீரர்தம் துப்பாக்கி முனைகளில் செம்மலர்களைச் செருகினர். சரியாக ஓராண்டு கழித்து அரசியல் நிருணய சபைக்குத் தேர்தல் நடந்தது. 1976இல் புதிய அரசியற் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிறரை அடக்கி ஆண்டோர் என்று மட்டுமே ஒரு மக்களை அறிந்து, அவர்தாமும் அடக்கப்பட்டிருந்ததையும் விடுதலை பெற்றதையும் அறியாதிருத்தல் நடுவுநிலைமை ஆகுமோ? முன்னோர் இழைத்த கொடுமைகளை மறைக்குமாறு யாம் கூறவில்லை. வரலாற்றை இடையில் நிறுத்தற்க என்றே கூறுகின்றோம்.

நிலவியல் எழுதுவார்க்கு வேறோர் இடர்ப்பாடு உண்டு. அந்நாட்டு ஆட்சிப் பிரிவுகளுள் மிகச் சிறியது ‘ஃபிரெகேசியா’ எனப்படும். திருச்சபைப் பிரிவினின்று தோன்றிய பெயராயினும், இன்று அது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமுடைய ஊராட்சியே. அதனைப் பங்கு என்றோ சேகரம் என்றோ மொழிபெயர்ப்பின், படிப்போர் கோயிற் பிரிவென மயங்குவர். மேலும், நாலாயிரத்துக்கு மேற்பட்டிருந்த இப்பிரிவுகள் 2013இல் இணைக்கப்பட்டு ஏறக்குறைய மூவாயிரமாயின. அவற்றுட் சில 2025இல் மீண்டும் பிரிக்கப்பட்டன. எனவே, ஒருகால் உண்மையாயிருந்த கட்டுரையும் திருத்துவாரின்றேல் நாளடைவிற் பொய்யாகிவிடும்.

நம் ஊர்களைப்பற்றியே இன்னும் எழுதி முடியாதபோது அயல்நாட்டுச் சிற்றூர்களால் நமக்கென்ன பயன் எனச் சிலர் வினவுவர். நம் ஊர்ச் செய்தியைப் பிறமொழியாளர் பிழையின்றி எழுதவேண்டுமென நாம் விரும்புகின்றோம் அல்லமோ? அவ்விருப்பம் உடையார்க்குப் பிறர் ஊரைப் பிழையின்றி எழுதுங் கடனும் உண்டு. அன்றியும், தமிழ் மட்டும் அறிந்த மாணவன் ஒருவன் உலகை அறிய விரும்பின், அவன் தன் மொழியிலேயே அதனை அறியுமாறு செய்தல் தமிழ் கற்றார்க்குத் தகுந்த தொண்டாகும்.

ஆதலின், மாணவ நண்பர்காள்! மொழிபெயர்ப்புப் பொறி தருவதை ஆராயாது இடாமல், நல்ல நூல்களை ஒப்புநோக்கி, விடுமுறைதோறும் ஆளுக்கொரு கட்டுரையேனும் எழுதுவோமாக. எழுதியதை ஆண்டுதோறும் திருத்துவோமாக.