என்ன முறை வேண்டும்?

தமிழில் உறவுச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அப்பாவின் தங்கைக்கு ஒரு சொல், அம்மாவின் தங்கைக்கு இன்னொரு சொல். கொழுந்தனுக்கு, ஓரகத்திக்கு, சகலைக்கு, சம்பந்திக்கு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரோடு கல்யாண வீட்டில் ஓர் இடம், ஒரு சீர், துக்க வீட்டில் ஒரு கடமை எல்லாம் உண்டு. பதினேழு வயதில் விடுதி அறையில் ஒரே தட்டில் சாப்பிட்டு, 28 ஆண்டுகளாக ஒருத்தியின் நல்லது கெட்டதையெல்லாம் அறிந்திருக்கிற இன்னொருத்திக்கு மட்டும் இந்தப் பட்டியலில் இடம் கிடையாது. அவள் ‘கூடப் படிச்சவங்க’. அதற்குமேல் அவளைப் பற்றிக் கேட்க யாருக்கும் ஒன்றும் இருப்பதில்லை.

இது தற்செயலாக விட்டுப்போனதல்ல என்பதுதான் என் வாதம். ஒரு பெண்ணுக்கு வாய்க்கும் மற்ற உறவுகளெல்லாம் ஏதோ ஒரு வீட்டின் வாசல் வழியாக வருகின்றன. பிறந்த வீடு சில உறவுகளைத் தருகிறது, புகுந்த வீடு சில உறவுகளைத் தருகிறது. தோழியை மட்டும் அவளே தேடிக்கொள்கிறாள். வீட்டைக் கேட்காமல் வந்த உறவை வீடு நம்புவதில்லை. அதனால் அதற்குப் பெயரும் வைப்பதில்லை, கடமையும் தருவதில்லை. கடமை இல்லாத உறவைத் திருமணத்துக்குப் பிறகு சத்தமில்லாமல் அறுத்துவிட முடியும்.

கடந்த தை மாதத்தில் எங்கள் தோழி ஒருத்தியின் திருமணத்துக்காக நான்கு பெண்கள் கம்பம் வரை காரில் போய்வந்தோம். 45 வயதில் அவளுக்கு அது இரண்டாம் திருமணம். முதல் கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்லூரியில் படிக்கும் மகள் இருக்கிறாள். அண்ணன், ‘இந்த வயசுல இது தேவையா’ என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இதே அண்ணன், மனைவியை இழந்த தன் நண்பருக்கு வருஷம் திரும்புவதற்குள் பெண் பார்க்க அலைந்தவர். ‘பிள்ளைங்களைப் பார்த்துக்க ஆள் வேணும்ல’ என்பது அப்போது சொன்ன நியாயம். விதவை மறுமணத்துக்கான சட்டம் இந்த நாட்டில் 1856இலேயே வந்துவிட்டது. அண்ணன்மார்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

அவள் எங்களிடம் கேட்டது ஒன்றைத்தான்: “நீங்க நாலு பேரும் வந்து நில்லுங்கடி. என் பக்கம் ஆள் இருக்கட்டும்.”

போவதற்கு நாங்கள் என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்று கேளுங்கள். வங்கியில் வேலை பார்ப்பவள் இரண்டு நாளுக்கு மாவு அரைத்து வைத்து, குழம்பு வைத்து ஃப்ரிட்ஜில் அடுக்கி, மாமியாரின் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டுவிட்டு வந்தாள். தலைமையாசிரியையாக இருப்பவள் ‘பயிற்சிக்குப் போகிறேன்’ என்று வீட்டில் சொல்லியிருந்தாள். அறுநூறு பிள்ளைகளைக் கட்டி ஆள்கிறவளுக்கு, தோழியின் திருமணத்துக்குப் போகிறேன் என்பது வீட்டில் செல்லுபடியாகும் காரணமாக இல்லை. இவர்கள் பெயர்களை நான் எழுதாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம். நான் விடுப்புக் கேட்டபோது, “யார் கல்யாணம்? சொந்தமா?” என்றார்கள். “தோழி” என்றேன். “ஓ, ஃப்ரெண்டா” என்றார்கள். அந்த ‘ஓ’வில் என் விடுப்பின் மதிப்பு பாதியாகிவிட்டது. சித்தப்பா மகள் என்று சொல்லியிருந்தால், இருபது ஆண்டுகளாகப் பார்க்காத சித்தப்பா மகளாக இருந்தாலும், கையெழுத்து உடனே விழுந்திருக்கும்.

“உங்க வீட்டுக்காரர் விட்டாரா?” என்று அந்த வாரம் முழுவதும் நான்கு பேரும் கேள்விப்பட்டோம். இந்த ‘விடுதல்’ என்ற வினையைச் சற்றுக் கவனியுங்கள். மாட்டை மேய்ச்சலுக்கு விடுகிறோம், தண்ணீரை வாய்க்காலில் விடுகிறோம், பெண்ணை ஊருக்கு விடுகிறோம். ஆண் ‘கிளம்புகிறான்’. நல்ல கணவர் என்பவர் ‘விடுகிறவர்’ என்று பெண்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். விடுவதற்கு முன்னால் பிடித்துவைத்திருக்க வேண்டுமே என்று யாரும் யோசிப்பதில்லை.

அதிகாலைப் பனியில் தாம்பரத்தைத் தாண்டினோம். மேல்மருவத்தூர் அருகே சிவப்புச் சேலை உடுத்திய பெண்கள் பேருந்து பேருந்தாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னும் பின்னும் ஆண் துணையில்லாமல், சிரித்துக்கொண்டு, சாலையோரக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. வீட்டை விட்டு நான்கு பெண்களோடு வெளியே வருவதன் ருசி அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்த ருசிக்கு அவர்கள் சாமியின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேண்டுதல் என்றால் வீடு விடும். தோழமை என்றால் விடாது. வேலைக்கும் படிப்புக்கும் போக 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது பெரிய மாற்றம், மறுக்கவில்லை. சீட்டுக்குக் காசு வேண்டாம் என்ற நிலை வந்துவிட்டது. காரணம் சொல்ல வேண்டாம் என்ற நிலைதான் இன்னும் வரவில்லை.

விழுப்புரம் தாண்டிச் சாப்பிட நிறுத்திய உணவகத்தில், குடும்ப அறைப் பக்கம் போன எங்களைப் பார்த்துப் பணியாளர், “ஃபேமிலிக்கா மேடம்? சார் வண்டிய நிறுத்திட்டு வர்றாரா?” என்றார். நல்ல பையன்தான். நான்கு நாற்காலிகளில் மூன்று பெண்கள் உட்கார்ந்தால் நான்காவது ஒரு ‘சாருக்கு’ என்று அவனுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ‘சார்’ இல்லாத மேசை அவன் கணக்கில் குடும்பமும் இல்லை, வேறெதுவும் இல்லை.

நான்காமவளான செவிலியர் மதுரையில் எங்களோடு ஏறிக்கொண்டாள். இரவுப் பணி முடித்து நேராக வந்திருந்தாள். உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, சின்னமனூர் என்று மலையை நோக்கிப் போகும் அந்த வழியில்தான் எனக்குத் தேவந்தி நினைவுக்கு வந்தாள்.

தமிழ் படிக்கும் மாணவிகளுக்குச் சிலப்பதிகாரம் தெரியும். கண்ணகிக்குத் தேவந்தி என்றொரு தோழி இருந்தது எத்தனை பேர் நினைவில் இருக்கிறது? கண்ணகி தன் கெட்ட கனவைத் தாயிடமோ மாமியாரிடமோ சொல்லவில்லை, தேவந்தியிடம்தான் சொன்னாள். கண்ணகிக்கு நேர்ந்தது புகாருக்குத் தெரிந்தபோது இரு தந்தையரும் துறவு பூண்டார்கள். இரு தாயரும் உயிர்விட்டார்கள். புறப்பட்டுப் போனவர்கள் தேவந்தியும் செவிலியும் அடித்தோழியும்தான். மதுரைக்கு வந்து, மாதரியின் மகள் ஐயையையும் சேர்த்துக்கொண்டு, வையைக் கரையோடு மேற்கே நடந்து மலையேறி, சேரன் செங்குட்டுவன் முன்னால் போய் நின்றார்கள். நாங்கள் யாரென்று சொல்லும் இடத்தில் தேவந்தி தன்னைக் கண்ணகியின் தோழி என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறாள். ஓர் அரசனின் அவையில், செல்லும்படியான அடையாளமாக அந்தச் சொல்லை வைக்கிறாள். கண்ணகி கோட்டம் என்று இன்று சித்திரைப் பௌர்ணமிக்கு மக்கள் ஏறிப்போகும் மங்கலதேவி, கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில்தான் இருக்கிறது.

நான்கு பெண்கள் ஆண் துணையின்றிச் சோழ நாட்டிலிருந்து சேர நாட்டு மலை வரை ஒரு தோழிக்காகப் போன இந்தப் பயணத்தை நம் வகுப்பறைகள் எப்படி நடத்துகின்றன? பெரும்பாலும் நடத்துவதே இல்லை. கற்புக்கும் ஊழுக்கும் போக நேரம் மிஞ்சுவதில்லை. நட்புக்கு உதாரணம் எழுதச் சொன்னால் கோப்பெருஞ்சோழன் – பிசிராந்தையார், பாரி – கபிலர், மிஞ்சிப்போனால் அதியமான் – ஔவை. பொருட்பாலில் நட்பைப் பற்றி மட்டும் ஐந்து அதிகாரங்கள், 50 குறள்கள் இருக்கின்றன. அவற்றில் எதுவும் ஆணுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. உரை சொல்கிறவர்கள்தான் இரண்டு ஆண்களைக் காட்டியே சொல்லிப் பழகியிருக்கிறார்கள். அகப்பாடல்களில் தோழி நிறையப் பேசுகிறாள், திறமையாகப் பேசுகிறாள். ஆனால் அவள் பேச்செல்லாம் தலைவியை ஒருவனிடம் சேர்ப்பதற்காக. தலைவி உடன்போக்கில் போன பிறகு தோழி ஊரில் நிற்கிறாள். அவளுக்கென்று ஒரு காதலோ ஒரு பயணமோ அந்த மரபு வைக்கவில்லை.

கல்யாண மண்டபங்களுக்கு வருவோம். சாலையெங்கும் மணமகனின் நண்பர்கள் வைத்த பேனர்களைப் பார்க்கிறீர்கள். கூலிங் கிளாஸ் போட்ட இருபது முகங்கள், ‘வாழ்த்தும் நண்பர்கள்’ என்ற எழுத்து. மணமகளின் தோழிகள் வைத்த ஒரு பேனரை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? மேடையில் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் தோழிப்பெண் என்று ஒருத்தி நிற்பாள். அவள் பெண்ணின் தோழி அல்ல, மாப்பிள்ளையின் தங்கை. தாலியின் முடிச்சைப் போடுவதும் விளக்குப் பிடிப்பதும் நாத்தனார். ‘தோழி’ என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, அவளுடைய இடத்தைப் புகுந்த வீட்டுக்கு எழுதிக்கொடுத்துவிட்டோம். உண்மையான தோழிகள் வரிசையில் நின்று, பரிசுப் பொட்டலத்தைக் கொடுத்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். பல தோழமைகளுக்கு அதுதான் கடைசி போட்டோ.

“இப்போதுதான் பெண்கள் கூட்டமாகக் கொடைக்கானல் போகிறார்களே, இன்ஸ்டாகிராமில் படம் போடுகிறார்களே” என்று சிலர் சொல்வார்கள். போகட்டும், நன்றாகப் போகட்டும். ஆனால் உல்லாசத்துக்கு அனுமதி கிடைப்பது வேறு, கடமைக்கு மதிப்புக் கிடைப்பது வேறு. சுற்றுலாவைப் பிள்ளையின் தேர்வு வந்தால் தள்ளிப்போடலாம். தோழியின் கருக்கலைப்புக்கு மருத்துவமனையில் உடன் இருப்பதை, அவள் விவாகரத்து வழக்கின் வாய்தாவுக்குப் போவதை, அவள் மறுமணத்தில் சாட்சியாக நிற்பதைத் தள்ளிப்போட முடியாது. இவற்றை வீடுகள் இன்னும் ‘ஊர் சுற்றல்’ கணக்கில்தான் எழுதுகின்றன. பிரிந்துபோன தோழிகள் நடுவயதில் கூடிப் பயணம் போகும் கதையாக 2017இல் ‘மகளிர் மட்டும்’ படம் வந்தபோது மகிழ்ந்தேன். அதிலும் அவர்களைச் சேர்த்துவைக்க வருங்கால மருமகள் ஒருத்தி தேவைப்பட்டாள். ஒரு குடும்ப உறவு கைபிடித்துக் கூட்டிப்போனால்தான் நட்பு வாசல் தாண்டும்போலிருக்கிறது.

கம்பத்தில் நடந்த திருமணத்தில் புரோகிதர் இல்லை. மாலை மாற்றினார்கள். உறுதிமொழி சொன்னார்கள். மகள் அம்மாவின் பக்கத்தில் நின்றாள், நாங்கள் நால்வரும் அவளுக்குப் பின்னால் நின்றோம். கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் என்னிடம், “பொண்ணுக்கு நீங்க என்ன முறை வேணும்?” என்று கேட்டார். “தோழி” என்றேன். “அது சரி, முறை?” என்றார்.

அந்த அம்மாவுக்கு நான் அங்கே சொன்னதை இங்கே விரித்துச் சொல்கிறேன். 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது நம் சட்டமன்றம் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. சுயமரியாதைத் திருமணங்கள் சட்டப்படி செல்லும் என்றது அந்தப் பிரிவுதான். திருமணம் யார் முன்னிலையில் நடக்கலாம் என்று சொல்லும் இடத்தில் அது உறவினரை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. நண்பர்களையும் அதே மூச்சில் சொல்கிறது. புரோகிதர் கட்டாயமில்லை. அண்ணன் வந்து நிற்க வேண்டியதில்லை. தோழிகள் நின்றால் போதும். 2023இல் உச்ச நீதிமன்றமும் இந்தத் திருமணங்களுக்கு ஊரறிந்த சடங்கோ அறிவிப்போ தேவையில்லை என்று தெளிவாக்கியது. வீடு ஒத்துக்கொள்ளாத உறவைச் சட்டம் ஒத்துக்கொண்டு அறுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. இதை எழுதிவைத்தவர்கள் வெறும் சடங்கு ஒழிப்புக்காக மட்டும் எழுதவில்லை என்றே நினைக்கிறேன். குடும்பமும் சாதியும் ஒரு பெண்ணைக் கைவிடும்போது அவள் பக்கம் யார் நிற்பார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே, இதைப் படிக்கும் மாணவிகளுக்குச் சொல்ல விரும்புவது இது. தோழமையை ஓய்வு நேரத்துக்கு என்று ஒதுக்காதீர்கள். திருமணப் பேச்சு நடக்கும்போது சம்பளம், நகை, தனிக்குடித்தனம் எல்லாம் பேசப்படுகிறது. என் தோழிகளின் வீட்டு நல்லது கெட்டதுக்கு நான் போவேன், அவர்கள் என் வீட்டுக்கு வருவார்கள் என்பதையும் அப்போதே பேசுங்கள். விடுப்புக் கடிதத்தில் ‘உறவினர் திருமணம்’ என்று பொய் எழுதாமல் ‘தோழியின் திருமணம்’ என்று எழுதுங்கள். அதிகாரத்தில் இருக்கும் பெண்கள் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். பாடம் நடத்துகிறவர்கள் நட்புக்கு உதாரணம் சொல்லும்போது தேவந்தியைச் சொல்லுங்கள். ‘விட்டாரா’ என்று கேட்கிறவர்களிடம், ‘கிளம்பினேன்’ என்று சொல்லுங்கள்.

மணமேடையில் தோழிக்கு உரிய இடத்தையும் கேட்டு வாங்குங்கள். முறை என்ன என்று கேட்பார்கள். முறைகள் எல்லாம் யாரோ ஒருநாள் வைத்தவைதான்.