மழைமானி மட்டும் போதாது

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு நடக்கிறது. உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி, கம்பு என்று பெரும்பாலும் மானாவாரிதான். வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால் தை, மாசியில் வீட்டுக்குத் தவசம் வரும். 2016-ல் அந்த மழை தமிழகம் முழுவதும் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று மாநில அரசு அறிவித்தது 2017 ஜனவரி 10-ல். மார்கழி முடியப்போகும் நேரம் அது. ஐப்பசியில் முளைத்த பயிர் கருகி, காட்டில் ஆடுகளை மேயவிடுவதைத் தவிர வேறு வழியில்லாத நேரம்.

அந்த அறிவிப்போடு நிவாரணமும் வந்தது. நெல்லுக்கும் பாசனப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய். மானாவாரிப் பயிர்களுக்கு 3,000 ரூபாய். மத்திய அரசிடம் தமிழகம் கேட்டது 39,565 கோடி ரூபாய், கிடைத்தது சுமார் 1,748 கோடி. இந்த இடைவெளியைப் பற்றி அன்று சட்டமன்றத்திலும் வெளியிலும் நிறையப் பேசினார்கள். உதவி எந்த மாதத்தில் வந்தது என்பதைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சு எழவில்லை. பஞ்சம் பாதித்த குடும்பத்துக்குத் தொகையைப் போலவே மாதமும் முக்கியம்.

மழை பொய்த்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது கரிசல் சீமையில் எல்லோருக்கும் தெரியும். முதலில் பாலும் பருப்பும் குறைகின்றன. அடுத்து, கம்மலோ சங்கிலியோ கூட்டுறவு வங்கியில் நகைக்கடனாகிறது. பிறகு ஆடுகள் எட்டயபுரம் சந்தைக்குப் போகின்றன. எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க வருவதால் ஆட்டின் விலை இறங்கும், தவசத்தின் விலை ஏறும். வீட்டுப் பெண்கள் பீடித் தட்டோடு இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்காருவார்கள். கடைசியில் வீட்டைப் பூட்டிவிட்டு, திருப்பூருக்கோ கேரளத்துக்கோ பஸ் ஏறுவார்கள். இந்தப் படிகளில் பலவும் ஏதோ ஓர் அலுவலகத்தின் பதிவேட்டில் அன்றன்றே ஏறிவிடுகின்றன. அவற்றை ஒருசேர வைத்துப் படிக்கத்தான் ஆள் இல்லை.

ஒரு காலத்தில் இப்படிப் படிப்பதற்கு ஒரு முறை இருந்தது. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை உலுக்கியது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று, இந்திய அரசு அனுப்பிய பிரதிநிதி சர் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். உழைக்கும் உடம்புக்கு அது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். லட்சக்கணக்கான உயிர்கள் போன பிறகு, 1880-ல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. அதையொட்டிப் பஞ்ச விதித்தொகுப்புகள் உருவாயின. தானிய விலை ஏற்றம், கடன் கிடைக்காமல் போவது, ஊர்விட்டு ஊர் அலைவோர் பெருகுவது ஆகியவற்றை அதிகாரிகள் கவனித்து எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் சோதனை வேலை ஒன்றைத் திறக்க வேண்டும். குறைந்த கூலிக்கும் கூட்டம் வந்தால் பஞ்சம் நெருங்கிவிட்டது என்று பொருள். காலனி அரசின் கஞ்சத்தனம் அந்த விதிகளில் அப்பட்டமாகத் தெரிகிறது. ஆனால் மனிதர்களின் நடமாட்டத்தைப் பார்த்துப் பசியை அளக்கலாம் என்ற அறிவும் அவற்றில் இருந்தது.

மத்திய அரசின் இன்றைய வறட்சிக் கையேடு 2016-ல் வெளியானது. மழைக் குறைவு, விதைப்புப் பரப்பு, செயற்கைக்கோள் காட்டும் பயிர்ப் பசுமை, மண்ணின் ஈரம், நீர்நிலைகளின் இருப்பு ஆகியவைதான் அதன் முக்கிய அளவைகள். பயிர் 33 சதவீதத்துக்குமேல் சேதமானால்தான் இடுபொருள் மானியம். எல்லாமே நிலத்தைப் பற்றிய கணக்குகள். சொந்த நிலமில்லாத கூலிக் குடும்பம் இந்தக் கணக்கில் எங்குமே வராது. வறட்சியில் முதலில் வருமானம் இழப்பது அந்தக் குடும்பம்தான். களையெடுப்பு இல்லை, பருத்தி எடுப்பு இல்லை, கதிர் அறுப்பு இல்லை.

தமிழகத்தில் இன்று யாரும் பட்டினியால் சாவதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், அது இந்த மாநிலம் போராடிச் சம்பாதித்த பெருமை. காமராஜர் 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது இதே கரிசல் மண்ணில், எட்டயபுரத்தில். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். 2022-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. வேறு பல மாநிலங்கள் பார்த்து ஏங்கும் ஏற்பாடுகள் இவை.

ஆனால் அரிசி வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நல்ல மழை பெய்யும் ஆண்டிலேயே இந்த நிலை என்றால், வறட்சி ஆண்டில் பருப்பும் முட்டையும் காணாமல் போகும்போது என்ன ஆகும்? 2024 மே மாதம் ரேஷன் கடைகளில் துவரம் பருப்பும் பாமாயிலும் தாமதமானபோது மாநிலமெங்கும் முணுமுணுப்பு எழுந்தது. அப்படியொரு தாமதம் பருவமழை தவறிய ஆண்டில் நேர்ந்தால் அதன் விலையைக் குழந்தைகளின் உடம்பு கொடுக்கும்.

அந்த விலையை முதலில் காட்டும் கருவி அங்கன்வாடியில் இருக்கிறது. மாதந்தோறும் பணியாளர் குழந்தையை எடைபோட்டு, வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி வைக்கிறார். பச்சைப் பட்டையில் இருந்த புள்ளி மஞ்சளுக்கு இறங்கினால் அந்த வீட்டில் ஏதோ குறைகிறது. ஒரு குழந்தை இறங்கினால் காய்ச்சலாக இருக்கலாம். ஒரே ஒன்றியத்தில் ஒரே மாதத்தில் நூறு குழந்தைகள் இறங்கினால் அது வறட்சி. 1980-ல் உலக வங்கி உதவியோடு மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இதைத்தான் செய்தது. மாதந்தோறும் எடை பார்த்து, தடுமாறும் குழந்தைக்கு உடனே கூடுதல் உணவு கொடுத்து, தேறியதும் நிறுத்திக்கொண்டது. கண்காணிப்பும் உதவியும் அங்கே ஒரே கையில் இருந்தன. இன்று எடை செல்போன் செயலியில் ஏறுகிறது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்து வட்டாட்சியர் எதையும் முடிவு செய்வதில்லை.

நூறு நாள் வேலையும் இப்படியொரு அளவுகோல்தான். பழைய சோதனை வேலையைப் போலவே, வேலை கேட்டு வருவோரின் எண்ணிக்கை கிராமத்தின் நிலையைச் சொல்லிவிடும். 15 நாளில் கூலி தர வேண்டும் என்றது 2005-ம் ஆண்டுச் சட்டம். 2025 மார்ச்சில் தமிழகத்துக்கு வர வேண்டிய பாக்கி 4,034 கோடி ரூபாய் என்று போராட்டமே நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 125 நாள் வேலை என்கிறது. கூடவே மாநிலத்துக்கான ஒதுக்கீட்டையும் முன்கூட்டியே வரையறுக்கிறது. வறட்சியில் வேலை கேட்போர் திடீரென்று பெருகும்போது அந்த வரம்பு யார் வயிற்றில் அடிக்கும் என்பதை இப்போதே கேட்டாக வேண்டும்.

எச்சரிக்கை இருந்தும் கை நீளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சோமாலியா சாட்சி. அங்கே 2010 இறுதியிலிருந்தே ஆபத்து வருகிறது என்று பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்புகள் திரும்பத் திரும்பச் சொல்லின. ஐ.நா. பஞ்சம் என்று அறிவித்தது 2011 ஜூலை 20-ல். இறந்தவர்கள் சுமார் 2,58,000 பேர் என்று பின்னால் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஏறத்தாழப் பாதிப் பேர் அந்த அறிவிப்புக்கு முன்பே இறந்திருந்தார்கள். கென்யா இதைப் பார்த்துப் பாடம் படித்தது. அங்கே தேசிய வறட்சி மேலாண்மை ஆணையம் வறண்ட மாவட்டங்களுக்கு மாதந்தோறும் அறிக்கை வெளியிடுகிறது. மழையோடு ஆட்டின் விலை, மக்காச்சோள விலை, பால் அளவு, தண்ணீருக்கு நடக்கும் தூரம், குழந்தைகளின் மேல்கைச் சுற்றளவு ஆகியவையும் அதில் இருக்கும். வடக்கேயுள்ள சில மாவட்டங்களில் செயற்கைக்கோள் காட்டும் பசுமை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், வழக்கமாக உதவி பெறும் குடும்பங்களோடு கூடுதல் குடும்பங்களின் கணக்கிலும் பணம் போடப்படுகிறது.

இப்படிச் செய்தால் தேவையில்லாத இடத்திலும் பணம் செலவாகாதா என்று நிதித்துறை கேட்கக்கூடும். சில ஆண்டுகளில் ஆகத்தான் செய்யும். பின்னால் பெய்யும் மழை முன்னால் கொடுத்த உதவியைத் தேவையற்றதாகக் காட்டலாம். ஆனால் அப்போதும் அந்தப் பருப்பை ஏழைக் குழந்தைதான் சாப்பிட்டிருக்கும். விற்ற ஆட்டையும் அடகில் மூழ்கிய நகையையும் மீட்கக் குடும்பத்துக்குப் பல ஆண்டுகள் ஆகும்.

தென்காசி மாவட்டத்தின் இரண்டு வருவாய்க் கோட்டங்களில் ஒன்று சங்கரன்கோவில். இங்கேயே இதைத் தொடங்கலாம். கோட்டாட்சியர் தலைமையில் மாதம் ஒருமுறை வேளாண்மை, கால்நடை, கூட்டுறவு, ஊரக வளர்ச்சி, அங்கன்வாடி அலுவலர்கள் ஐந்து எண்களோடு உட்கார வேண்டும்: விதைத்த பரப்பு, ஆட்டுச் சந்தை விலை, நகைக்கடன், வேலை கேட்டோர், பச்சையிலிருந்து இறங்கிய குழந்தைகள். அந்த எண்களை வட்டாட்சியர் அலுவலகப் பலகையிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் ஒட்ட வேண்டும். இவற்றில் மூன்று எல்லை தாண்டினால் கூடுதல் பருப்பும் வேலை நாட்களும் வறட்சி அறிவிப்புக்குக் காத்திராமல் வர வேண்டும். கோடை விடுமுறையில் பள்ளிச் சமையலறை மூடியிருக்கும். கரிசலில் பசி உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். வறட்சிப் பகுதிகளில் விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 மே மாதமே உத்தரவிட்டிருக்கிறது. எந்த எல்லையைத் தாண்டினால் அந்த அடுப்பு எரியும் என்பதை அடுத்த புரட்டாசி விதைப்புக்கு முன்பே மாவட்ட நிர்வாகம் எழுதி வெளியிட வேண்டும்.