கேட்கும்போதே எழுதிக் கொடுப்போம்



"உங்கள் வட்டாரம் எப்படி இருக்க வேண்டும்?" என்று மாநகர் மன்றம் நம்மைக் கேட்பதுண்டு. அது நம்மில் பலருக்குத் தெரிவதே இல்லை!

கோலாலம்பூர் வட்டாரத் திட்டம் 2040-இன் வரைவு 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. எந்த நிலம் பூங்கா, எந்த நிலம் அடுக்குமாடி என்பதை முடிவுசெய்யும் ஆவணம் அது. 2025இல் அரசிதழில் வெளியாகி நடப்புக்கும் வந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் நெரிசலைப் பற்றித் தேநீர்க் கடையில் மணிக்கணக்கில் பேசும் நம்மில் எத்தனை பேர் அப்போது எழுத்தில் கருத்துக் கொடுத்தோம்?

"எழுதி என்ன பயன்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2008இல் மக்கள் கருத்துரைத்த முந்தைய வரைவு, 2018இல்தான் அரசிதழுக்கு வந்தது. பத்தாண்டுத் தாமதம் எவருக்கும் சலிப்பூட்டும்.

ஆயினும் எதிர்ச்சான்றுகள் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டத்தை 2014இல் மக்கள் எதிர்த்தனர். 2016இல் அக்கட்டடம் மரபுடைமையாக அரசிதழில் இடம்பெற்றது. தாமான் ரிம்பா கியாரா பூங்காவுக்காகக் குடியிருப்பாளர்கள் தொடுத்த வழக்கில், மேம்பாட்டு அனுமதி செல்லாது எனக் கூட்டரசு நீதிமன்றம் 2023 சனவரியில் தீர்ப்பளித்தது. நகரின் கட்டமைப்புத் திட்டம் மதிக்கப்பட வேண்டிய சட்ட ஆவணம் என்பதையும் அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஊராட்சி மன்றத் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. பின்னர்ச் சட்டத்தாலேயே நீக்கப்பட்டன. மேயரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு நமக்கில்லை. ஆகவே, கருத்துப் படிவமே நமது வாக்குச் சீட்டு!

ஆசிரியர்கள் இங்குதான் உதவ முடியும். அடுத்த வரைவு வரும்போது, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, அதனைத் தமிழில் விளக்குவோம். "உங்கள் கனவு என்ன?" என்று பொதுவாகக் கேட்டால் "எல்லாம் நன்றாக இருந்தால் போதும்" என்பார்கள். "பிள்ளை எந்தச் சாலையைக் கடக்க அஞ்சுகிறது? மழை பெய்தால் எந்தச் சாக்கடை நிரம்பி வழிகிறது? தாத்தா மாலையில் எங்கே அமர்கிறார்?" என்று கேட்போம். அந்த விடைகளைப் படிவத்தில் மலாயில் எழுத உதவுவோம்.

2024 பிப்ரவரியில் மாநகர் தகுதி பெற்ற கிள்ளானிலும் வட்டாரத் திட்ட வரைவுக்குக் கருத்துரைக்கச் சட்டம் இடமளிக்கிறது. அங்குள்ள பள்ளிகளும் இதனைச் செய்யலாமே.

'நான் மேயரானால்' என்று நம் மாணவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். நாமும் மதிப்பெண் இடுகிறோம். பிள்ளைகளை எழுதச் சொல்லும் நாம், நம்மைக் கேட்கும்போது வெற்றுத்தாளை நீட்டலாமா?